ஐந்து விரலையும் விரித்து

கிரிப்டோவில் இறங்கியவர்களிடம் பேசினால் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். "இங்கே யாரையும் நம்ப வேண்டாம் சார். பேங்க் கிடையாது, புரோக்கர் கிடையாது. எல்லாத்தையும் புரோகிராம் பார்த்துக்கும்." வாங்குகிறவனும் விற்கிறவனும் நடுவில் ஆள் வைக்காமல் நேரடியாக மாற்றிக்கொள்கிற சந்தை இது. டீசென்ட்ரலைஸ்டு சந்தை என்கிறார்கள், நாம் மையமில்லாச் சந்தை என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா பாருங்க, மேலே ஒரு முதலாளி இல்லாமல் நாலு பேர் பணத்தை நாலு பேர் நம்பிப் புழங்குவது 2009-ல் பிட்காயினோடு பிறந்த சமாச்சாரம் இல்லை. இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றால் கார் கம்பெனியும் செல்போன் கம்பெனியும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ரோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், நம்பிக்கையை எப்படிக் கட்டுவது, எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கு ஆயிரம் வருஷத்துச் சரித்திரம் அதற்குள்ளேயே கிடக்கு. அதைத்தான் கொஞ்சம் புரட்டிப் பார்க்கப் போகிறோம்.

கல்லில் எழுதின கணக்கு

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போய் அப்படியே தெற்கே இறங்கினால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. குடவோலைக் கல்வெட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தேர்தல் நடத்தினார்கள் என்ற அளவோடு பாடம் முடிந்துவிடும். பண விஷயத்தில் அந்தக் கல்வெட்டு எவ்வளவு கறார் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் நம்ம வார்டு மாதிரி. ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தோட்ட வாரியம், பொன்னின் தரம் பார்க்கப் பொன் வாரியம் என்று தனித்தனி வாரியங்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்கணும். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்கணும். கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. எல்லாவற்றையும் விட முக்கியமான விதி இது: முன்னே வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களுக்கும் அதே தடைதான்!

கணக்கு எழுதுகிறவருக்கும் விதி உண்டு. தான் எழுதின கணக்கைத் தானே கொண்டுவந்து ஒப்படைக்கணும். வேறு கணக்கனை வைத்து முடித்துக் கொடுக்கக் கூடாது. பெரியவர்கள் பார்த்து "சுத்தம்" என்று சொன்ன பிறகுதான் அடுத்த வேலை.

சீட்டு எடுக்கிற முறை இன்னும் அழகு. சபை முழுக்கக் கூடியிருக்க, அங்கிருக்கும் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கு என்று தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்கணும். ஏன் விரிக்கணும்? விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக் கூடாது இல்லையா, அதற்குத்தான். வாங்கினவர் படிப்பார். அதோடு முடியாது, அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையைப் படிக்கணும். பிறகுதான் பெயர் ஏறும்.

யாரையும் சந்தேகப்பட்டு அவமானப்படுத்துகிற விஷயமில்லை இது. நல்லவனோ கெட்டவனோ, எல்லாரும் விரலை விரிக்கணும். ஆளைப் பார்க்காமல் வழக்கத்தைப் பார்க்கிற ஏற்பாடு.

இதை அப்படியே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அது பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊரின் சபை. நிலம் இல்லாதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடம் இல்லை. இன்னொன்று, 919-ல் செய்த ஏற்பாடு சரிப்படாமல் 921-ல் விரிவாகத் திருத்தி மறுபடி வெட்டியிருக்கிறார்கள். கல்லில் எழுதின விதியிலேயே இரண்டு வருஷத்தில் ஓட்டை தெரிந்திருக்கிறது. இந்த 921-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு சின்னச் சங்கமும் ஒரு பெரிய பேங்கும்

அங்கிருந்து ஆயிரம் வருஷம் தாண்டி 1904-க்கு வருவோம். விவசாயி வட்டிக்கடையில் சிக்கிக் கிடந்த காலம். மதராஸ் அரசாங்கம் ஃபிரெட்ரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் இதற்கு வழி பார்க்கச் சொன்னது. அவர் ஐரோப்பாவில் ஜெர்மானியர் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களைப் பற்றி ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். பிறகு 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது.

சட்டம் வந்த அதே வருஷம் ஆகஸ்டில் திருவள்ளூர் பக்கம் திரூரில் ஒரு கிராமக் கடன் சங்கம் பதிவானது. அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. இந்தியாவிலேயே முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே திரூர், தென்மேற்கே காஞ்சி. நடுவில் இருக்கிற ஏரிப் பாசன பூமிதான் இன்றைக்கு சிப்காட்.

அந்தச் சங்கங்களின் அடிப்படை ரொம்ப சிம்பிள். உறுப்பினர்கள் ஒரே ஊர்க்காரர்களாகவோ பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாகவோ இருக்கணும். கிராமச் சங்கத்தில் பொறுப்புக்கு எல்லை கிடையாது. அதாவது, நீ வாங்கின கடனைக் கட்டவில்லை என்றால் சங்கத்துக் கடனுக்கு என் சொத்தும் பதில் சொல்லணும். அப்படி ஒரு விதி இருந்தால் என்ன ஆகும்? நீ கடன் வாங்கி மாடு வாங்கினாயா, சீட்டாடினாயா என்று நான் தினமும் எட்டிப் பார்ப்பேன். கண்காணிக்க தில்லியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரன் போதும்.

இதே சமயத்தில் மதராஸ் பட்டணத்தில் வேறொரு நம்பிக்கை ஓங்கி நின்றது. அர்பத்நாட் கம்பெனி. பெரிய வெள்ளைக்காரப் பெயர், பெரிய கட்டடம். வக்கீல், உத்தியோகஸ்தர், விதவைகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. அர்பத்நாட்டையே சந்தேகப்படுவதா! லண்டனில் சூதாட்டம் மாதிரி நடந்த வியாபாரத்தில் பணம் கரைந்துபோய், 1906 அக்டோபர் 22-ல் கம்பெனி விழுந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்து 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. போன பணம் போனதுதான். அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலானவர்கள் முயற்சி எடுத்து 1907-ல் இந்தியன் பேங்க்கைத் தொடங்கினார்கள்.

இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு விதமான நம்பிக்கை. ஒன்று பெயரை நம்பினது, இன்னொன்று வழக்கத்தை நம்பினது.

ஏலச்சீட்டு

சங்கம் எல்லாம் சர்க்கார் ஏற்பாடு. சர்க்கார் இல்லாமலே நம்ம ஜனங்கள் நடத்துவது சீட்டு. தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. ஒரு மாதம் அவசரக்காரர் ஒருத்தர் 20,000 தள்ளி எடுக்கிறார், அவர் கையில் 80,000. சீட்டு நடத்துகிறவருக்கு 5 சதவீதம், அதாவது 5,000 போக மீதி 15,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 750. அந்த மாதம் எல்லாரும் 4,250 கட்டினால் போதும்.

இதில் வருமானம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் 20 மாதம் தவறாமல் பணம் கட்டுகிற பழக்கம் வருகிறது. ஏலம் எல்லார் கண் முன்னால் நடக்கிறது. யார் எடுத்தார், யார் பாக்கி என்பது இருபது பேருக்கும் தெரியும். முதலிலேயே எடுத்தவர் பாக்கி மாதங்களை ஒழுங்காகக் கட்டுவதற்குக் காரணம், அதே தெருவில் அவர் முகம் காட்டணும் என்பதுதான். போலீஸ் கேஸ் எல்லாம் அதற்குப் பிறகு. ஓடிப்போன சீட்டுக்காரர்கள் கதையும் ஊருக்கு ஊர் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் 1961-ல் தமிழ்நாட்டுச் சீட்டு நிதிச் சட்டமும் 1982-ல் மத்தியச் சட்டமும் வந்தன.

இப்போது சிப்காட்டுக்கு வருவோம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயிலிருந்து சான்ட்ரோ வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை, அடுத்தடுத்து டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு. திருவண்ணாமலை, விழுப்புரம் பிள்ளைகள் வந்தார்கள். பீகார், ஒடிசா, அசாமிலிருந்தும் வந்தார்கள். ஒரு அறையில் ஆறு பேர், ஆறு பேருக்கும் வேற வேற ஷிஃப்ட். கான்ட்ராக்ட் முடிந்தால் ஆள் மாறிவிடும். 2014 நவம்பர் 1-ல் நோக்கியா கதவை மூடினபோது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலையோடு சேர்ந்து பக்கத்து மெஷின்காரரும் போனார், கேன்டீன் சிநேகிதமும் போனது. அடுத்த வருஷம் பக்கத்து அறையில் யார் இருப்பார் என்று தெரியாத இடத்தில் 20 மாதச் சீட்டை யார் யாரோடு போடுவது?

சம்பளம் வருது, தெரு இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் செல்போன் வழியாகப் பணம் பெருக்கித் தருகிறேன் என்பவர்கள் நுழைகிறார்கள்.

2022

2022-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், ஆரணி, செய்யாறு என்று வடதமிழ்நாடே அதிர்ந்தது நினைவிருக்கும். ஆருத்ரா கோல்டு டிரேடிங். மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாக ஆசை காட்டி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கினார்கள் என்று பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. அதே வருஷம் ஐ.எஃப்.எஸ். என்ற நிறுவனத்தின் மீதும் பெரிய வழக்கு. 1997-லேயே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது, அப்படியும் இது நடந்தது.

மாதம் 25 சதவீதம் என்றால் என்ன என்று யாராவது ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு லட்சத்தை எடுக்காமல் விட்டால் பன்னிரண்டாம் மாதம் பதினாலரை லட்சத்துக்கு மேல். எந்த வியாபாரத்தில் அது வரும்? ஆனால் முதல் இரண்டு மூன்று மாதம் பணம் கைக்கு வந்தால், கணக்கு போடுகிற மூளை தூங்கிவிடும்.

உலகத்திலும் அதே வருஷம் அதே கதைதான், பெயர்தான் வேறு. டெர்ரா–லூனா என்ற கிரிப்டோ ஏற்பாட்டில் பணம் போட்டு வைத்தால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 20 சதவீதம் என்றார்கள். 2022 மே மாதம் சில நாளில் சரிந்தது. நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற பெரிய பரிமாற்றக் கம்பெனி திவால். அர்பத்நாட் கதையேதான்: பெரிய பெயர், உள்ளே பார்க்க முடியாத கணக்கு.

கல்வெட்டு இருக்கு, சபை எங்கே?

கிரிப்டோக்காரர்கள் இதற்குச் சொல்லும் பதில் நியாயமானதுதான். "எஃப்.டி.எக்ஸ். மையம் உள்ள கம்பெனி. உண்மையான மையமில்லாச் சந்தையில் சாவி உன் கையில் இருக்கும்." 2018 நவம்பரில் வந்த யூனிஸ்வாப் போன்றவை அந்த வகை. ஒவ்வொரு பரிமாற்றமும் பிளாக்செயினில் ஏறும், ஏறினால் அழிக்க முடியாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உத்திரமேரூர் கோயில் சுவர் மாதிரி, உலகத்துக்கே பொதுவான கல்வெட்டு. இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. அர்பத்நாட் கணக்கு இப்படி ஒரு சுவரில் இருந்திருந்தால் அவ்வளவு பேர் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் உத்திரமேரூரில் கல் மட்டுமா இருந்தது? தகுதி பார்த்தார்கள், கணக்குக் கேட்டார்கள், விரலை விரிக்கச் சொன்னார்கள். பிளாக்செயின் கல்லை மட்டும் தருது. மீதியை யார் செய்வது?

மூன்று சம்பவம் சொல்கிறேன்.

2016 ஜூனில் எத்தீரியத்தில் "தி டாவ்" என்ற பொது நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் உருவப்பட்டது. புரோகிராமில் இருந்த ஓட்டை வழியாகத்தான் எடுத்தான், விதியை உடைத்து அல்ல. என்ன செய்தார்கள்? ஒரு மாதம் விவாதம் பண்ணி, ஜூலை 20-ல் சரித்திரத்தையே வேறு பக்கம் திருப்பிப் பணத்தை மீட்டார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் எத்தீரியம் கிளாசிக் என்று தனியே போனார்கள். 919-ல் எழுதி 921-ல் திருத்தின கதைதான். புரோகிராமே முடிவு என்றவர்களும் கடைசியில் சபை கூட்ட வேண்டியிருந்தது.

அடுத்தது, 2024 ஜூலை 18. நம்ம நாட்டு வஜீர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருட்டு. இது மையமுள்ள கம்பெனிதான். ஆனால் அந்தப் பெட்டகம் பல பேர் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும் வகை. அப்புறம் எப்படிப் போச்சு? திரையில் காட்டினது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. ஓலையை வாங்கினவர் படித்தால் போதாது, எல்லாரும் அதே ஓலையைத் தங்கள் கண்ணால் படிக்கணும் என்று எழுதி வைத்தவன் எவ்வளவு விவரமானவன், பாருங்கள்! கையெழுத்து பல இருந்து பயன் இல்லை, படிக்கிற கண்ணும் பல இருக்கணும்.

மூன்றாவது, அந்தத் திருட்டுக்குப் பிறகு வாடிக்கையாளர்கள் பணம் ஒரு வருஷத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது ஒருவருடைய சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கத்தக்கது என்று தீர்ப்பளித்தார். யாரையும் நம்ப வேண்டாம் என்று தொடங்கின விஷயம் உயர் நீதிமன்றப் படியேறித்தான் நியாயம் கேட்டது.

பழக்கம்

ஆக, நம்பிக்கை தேவையில்லாத சந்தை என்று ஒன்று கிடையாது. மையத்தை எடுத்துவிட்டால், மையம் செய்துகொண்டிருந்த வேலை அத்தனையும் தனி ஆள் தலையில் விழும். பேங்க் மேனேஜர், கணக்கன், மத்தியஸ்தர் எல்லாம் நீங்களேதான். இதில் இறங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இறங்கியே தீருவேன் என்பவர்களுக்கு அந்தப் பழைய விதிகளே போதும்.

கணக்கு. தான் எழுதின கணக்கைத் தானே முடிக்கணும். எந்தத் தேதி, எந்த வாலெட், எவ்வளவு, எதற்காக வாங்கினேன், கமிஷன் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதணும். 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அந்த ஜூலை முதல் 1 சதவீத டி.டி.எஸ். வேறு. மாதக் கடைசியில் இதையெல்லாம் கழித்துப் பார்த்தால்தான் சம்பாதித்தோமா, சம்பாதித்த மாதிரி இருந்ததா என்பது தெரியும்.

கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை. போன வருஷம் ஒரு காயினை ஏற்றிவிட்டு ஓடின ஆள், இந்த வருஷம் புதுப் பெயரில் புதுக் காயினோடு வருவான். மையமில்லாச் சந்தையில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் காயின் வெளியிடலாம், வாசலில் தகுதி பார்க்க ஆள் கிடையாது. அவன் பழைய கணக்கு எங்கே என்று கேட்க வேண்டியது நாம்தான். சொந்தக்காரன் சொன்னான் என்பதும் தகுதி ஆகாது. உறவுக்காரர்களையும் சேர்த்துத் தடுத்தது சும்மா இல்லை!

மூன்று வருஷ விதி. கொடுத்த அதிகாரத்துக்குக் கெடு வேண்டும். இந்தச் சந்தைகளில் ஒரு முறை "அனுமதி" அழுத்தினால், நம்ம வாலெட்டிலிருந்து அந்தக் காயினை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கும் உரிமை பல சமயம் அப்படியே கிடக்கும். அதை அவ்வப்போது போய் ரத்து செய்யணும். வேலை முடிந்த வாரியத்தைக் கலைக்கிற மாதிரி.

பொன் வாரியம். முதலில் உரசிப் பார்க்கணும். புது முகவரிக்கு முதலில் நூறு ரூபாய் அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துப் பிறகு மீதி. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்கிற மாதிரி, எல்லாவற்றையும் ஒரே வாலெட்டில் வைக்கக் கூடாது. சாவியைத் திறக்கிற அந்தப் பன்னிரண்டு வார்த்தையோ இருபத்துநாலு வார்த்தையோ, யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

கடைசியாக, சீட்டு சொல்லித் தருகிற அளவு. மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை. அது போனாலும் வாடகையும் வீட்டுக்கு அனுப்புகிற பணமும் நிற்கக் கூடாது. ஏறுது என்று அதிகம் போடாமல், இறங்குது என்று கடன் வாங்காமல் இருக்கணும். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் விரலால் தட்டுகிற வியாபாரம் வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் தனியாகச் செய்வது கஷ்டம். அறையில் இருக்கிற ஆறு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவரவர் நோட்டை மற்றவர் முன்னால் விரித்து வைத்தால், அது ஒரு சின்ன சபை. ஏமாற்றுகிறவன் எப்போதும் "வெளியே சொல்லாதே, உனக்கு மட்டும்" என்றுதான் தொடங்குவான். ஆறு பேர் படிக்கிற கணக்கில் அவனுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

உத்திரமேரூர் பக்கம் போனால் அந்தக் கோயில் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். ஒரகடத்திலிருந்து வண்டியில் போனால் அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். எழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், கூடியிருந்த அத்தனை பேர் முன்னால் ஒருத்தர் ஐந்து விரலை விரித்து நின்ற ஊர் அது.